முதுமலை: வழிகளின் காடு

நுழையும்முன்

காட்டிற்குச் சென்று திரும்புவோரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன விலங்கைப் பார்த்தீர்கள்?" என்பதே. புலியைக் கண்டவர் மகிழ்கிறார்; காணாதவர் ஏமாற்றத்துடன் திரும்புகிறார். ஆனால், காடு என்பது விலங்குகளை நிறுத்திவைத்திருக்கும் காட்சிக்கூடம் அன்று. நீரும் விதையும் யானையும் பறவையும் ஓயாது போய்வரும் வழிகளின் தொகுதியே காடு. அவ்வழிகளை அறிந்துகொள்ளும் பயணமே காட்டுப் பயணம். தமிழகத்தின் முதுமலைக் காட்டில் அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொள்வோம்.

மழை வகுத்த காடு

நீலகிரி மாவட்டத்தின் வடபகுதியில், தமிழ்நாடும் கேரளமும் கருநாடகமும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது முதுமலை. 1940ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, தென்னிந்தியாவின் பழமையான சரணாலயங்களுள் ஒன்று என்னும் சிறப்புக்குரியது. 2007இல் இது புலிகள் காப்பகமாக உயர்த்தப்பட்டது. இதன் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, அவற்றையும் கடந்து நாகரகொளே என இக்காடு தொடர்ந்து செல்கிறது. நிலப்படத்தில் மாநில எல்லைகளைப் பிரிக்கும் கோடுகள் உள்ளன. அக்காட்டில் வாழும் உயிர்கள் அக்கோடுகளை அறியா. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டபோது, மூன்று மாநிலங்களின் காடுகளையும் ஒன்றாகச் சேர்த்தே 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பு வரையறுக்கப்பட்டது.

கூடலூரிலிருந்து கிழக்கு நோக்கி இக்காட்டிற்குள் செல்பவர், சில மணி நேரத்திற்குள் பல காடுகளைக் கடந்துவிடுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே, காட்டின் மேற்குப்பகுதியில் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து, சில இடங்களில் 600 மில்லிமீட்டர் அளவிற்கு இறங்கிவிடுகிறது. மேற்கில் மூங்கிலும் உயர்ந்த மரங்களும் நெருங்கி நிற்கும் ஈரப்பதம் மிக்க இலையுதிர்காடு; கார்குடியைக் கடந்தால் தேக்கும் வெண்தேக்கும் நிற்கும் உலர் இலையுதிர்காடு; மசினகுடிக்குக் கிழக்கே முள்மரங்கள் நிறைந்த புதர்க்காடு. ஒரே மழைமேகம் தன் கொடையைக் குறைத்துக்கொண்டே செல்வதால், ஒரே காடு இத்தனை தோற்றங்களைக் கொள்கிறது.

நம் முன்னோர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபோது, விலங்கையும் மரத்தையும் பறவையையும் மனிதரின் உணவையும் தொழிலையும் அந்தந்த நிலத்தின் கருப்பொருளாகக் கொண்டதைத் தொல்காப்பியத்தில் கற்கிறோம். நிலமும் நீரும் உயிரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் அப்பார்வைக்கு முதுமலை கண்முன் நிற்கும் சான்று.

தடங்களைப் படித்தல்

தெப்பக்காட்டில் உள்ள வனத்துறை வரவேற்பு மையத்திலிருந்து ஊர்திகள் காட்டிற்குள் செல்கின்றன. கதிரவன் எழும் வேளையில் மூங்கில் புதர்களின்மேல் பனி படர்ந்திருக்கும். ஊர்தியின் ஓசை அடங்கியதும் காட்டின் ஓசைகள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். காட்டைக் காண்பதற்குமுன் காட்டைக் கேட்கப் பழக வேண்டும்.

மரத்தின் உச்சியில் சாம்பல் நிற மந்திகள் இளந்தளிர்களைப் பறித்துத் தின்கின்றன. தின்னும்போது இலையும் காயும் கீழே உதிர்கின்றன. அம்மரத்தடியில் புள்ளிமான்கள் கூடி நின்று அவற்றை மேய்கின்றன. மந்திக்குத் தொலைநோக்கும் பார்வை. மானுக்குக் கூர்மையான மோப்பம். புலியோ சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ நெருங்கினால், முதலில் உணர்ந்த விலங்கு குரல் எழுப்புகிறது, மற்றொன்று தப்பிக்கிறது. இனத்தால் வேறுபட்ட இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று காவலாக இருப்பதை இங்கே காணலாம். காட்டை நன்கறிந்த வழிகாட்டிகள் புலியைத் தேடுவதில்லை. இந்த எச்சரிக்கைக் குரல்களைத்தான் தேடுகிறார்கள்.

நீரோடையின் ஈரமணலில் பதிந்த கால்தடம், மரப்பட்டையில் விழுந்த நகக்கீறல், பாதையோரத்தில் கிடக்கும் எச்சம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி. கரையான் புற்று உடைந்து கிடந்தால், இரவில் கரடி வந்து சென்றது என்று பொருள். மரத்தின் அடிப்பகுதியில் சேறு பூசப்பட்டிருந்தால், யானை உடலைத் தேய்த்துச் சென்றது என்று பொருள். எழுத்தறிந்தவர் ஏட்டைப் படிப்பதுபோல, இக்காட்டில் வாழும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் இத்தடங்களைப் படிக்கின்றனர். வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் யானைப் பாகர்களாகவும் அவர்கள் ஆற்றும் பணி, தலைமுறைகளாக வந்த இந்தப் படிப்பறிவின்மேல் நிற்கிறது.

அறிவியலும் தடங்களையே பின்தொடர்கிறது. ஒரு புலியின் உடலில் உள்ள வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லை. தானியங்கிக் கேமராக்கள் எடுக்கும் படங்களில் இவ்வரிகளை ஒப்பிட்டே புலிகள் கணக்கிடப்படுகின்றன. நான்காண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் நடைபெறும் இக்கணக்கெடுப்பின்படி, 2006இல் தமிழ்நாட்டில் 76 ஆக மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 ஆக உயர்ந்துள்ளன. புலி பெருகுகிறது எனில், அது உண்ணும் மான் பெருகியிருக்கிறது. மான் மேயும் புல் செழித்திருக்கிறது. புல்லுக்கு நீர் கிடைத்திருக்கிறது. ஒரு விலங்கின் எண்ணிக்கை ஒரு காட்டின் நலத்தைச் சொல்லும் முறை இதுவே.

மரங்களுக்கும் இங்கே கணக்கு உண்டு. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் 1988 முதல் முதுமலையில் 50 எக்டேர் நிலப்பகுதியைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். ஒரு சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டிய செடி ஒவ்வொன்றும் அங்கே எண்ணிடப்பட்டு அளக்கப்படுகிறது. எது பிறந்தது, எது இறந்தது, எதை யானை முறித்தது, எதைத் தீ எரித்தது என்று ஆண்டுதோறும் பதிவு செய்கின்றனர். காட்டின் ஆயுள் நீண்டது. அதனை அறிய விரும்புவோரும் நெடுங்காலம் பொறுத்திருக்க வேண்டும்.

தெப்பக்காட்டு யானைகள்

மாயாற்றின் கரையில் அமைந்த தெப்பக்காடு யானைகள் முகாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக இயங்கி வருகிறது. தொடக்கத்தில் வெட்டிய மரங்களை இழுப்பதற்காக யானைகள் இங்கே வளர்க்கப்பட்டன. இன்று அப்பணி இல்லை. ஊருக்குள் நுழையும் காட்டுயானைகளைத் திருப்பியனுப்பும் பணியில் கும்கி யானைகள் ஈடுபடுத்தப்படுகின்றன. தாயை இழந்த யானைக்கன்றுகளும் இங்கே பராமரிக்கப்படுகின்றன. கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றைச் சமைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய கவளங்களாக உருட்டி, ஒவ்வொரு யானையின் உடல்நிலைக்கும் ஏற்ற அளவில் பாகர்கள் ஊட்டுகின்றனர்.

இம்முகாமில் இரண்டு யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி ஆகியோரின் வாழ்க்கையைக் காட்டிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படம் 2023ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றது. உலகம் அப்படத்தில் கண்டு வியந்த அன்பு, அவர்களுக்கு நாள்தோறும் செய்யும் வேலை. கன்று உண்ண மறுத்தால் இரவெல்லாம் விழித்திருப்பதும், அதன் மூச்சைக் கேட்டே நோயை அறிவதும் பாகர் வாழ்வின் இயல்புகள்.

முகாமில் யானையை அருகிலிருந்து காணும்போது ஓர் உண்மை விளங்குகிறது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் உண்கிறது. நூறு லிட்டருக்கும் மேல் நீர் அருந்துகிறது. மூத்த பிடியின் பின்னே கன்றுகளும் இளம்பிடிகளும் நடக்கும் ஒரு கூட்டம் ஓரிடத்திலேயே தங்கினால், அவ்விடம் சில நாள்களில் வெறுமையாகிவிடும். யானை ஏன் நடந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதன் பசியே விடை.

யானையின் வழி

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வழியாகக் கிழக்கே சென்றால் சீகூர் பீடபூமி தொடங்குகிறது. தெற்கே நீலகிரி மலையின் செங்குத்தான சரிவு. வடக்கே மாயாறு அறுத்துச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டிற்கும் இடையே உள்ள இந்நிலமே, மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளையும் கிழக்குத்தொடர்ச்சி மலைக்காடுகளையும் இணைக்கும் பாலமாக விளங்குகிறது. ஆசிய யானைகள் பெருந்தொகையாக வாழும் நிலப்பரப்புகளுள் ஒன்று இங்கே உள்ளது.

கோடையில் கிழக்குக்காடு காயும்போது யானைகள் நீரும் நிழலும் தேடி மேற்கே நகர்கின்றன. மழை பெய்து புல் தளிர்க்கும்போது மீண்டும் கிழக்கே வருகின்றன. இவ்வாறு பருவந்தோறும் இடம்பெயர்வதை வலசை என்கிறோம். ஒரு கூட்டத்தின் வலசைப் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் வரை விரியும். எந்தப் பருவத்தில் எந்த ஓடையில் நீர் இருக்கும் என்பதை மூத்த பிடி அறியும். அதன் பின்னே நடக்கும் கன்று அவ்வழியைக் கற்றுக்கொள்ளும். யானைக்கூட்டத்தின் கல்வி இவ்வாறே தொடர்கிறது.

யானை நடக்கும்போது காடும் உடன் நடக்கிறது. அது உண்ட கனிகளின் விதைகள் பல கிலோமீட்டர் தொலைவில் எச்சத்துடன் விழுந்து முளைக்கின்றன. அது முறித்த கிளைகளை, எட்டாத உயரத்தை அண்ணாந்து பார்க்கும் மான்கள் மேய்கின்றன. வழி அடைபட்டால் யானை மட்டும் துன்புறுவதில்லை. விதைகளின் பயணமும் நின்றுவிடுகிறது.

அவ்வழி அடைபடத் தொடங்கியது. காட்டின் அழகைக் காண வந்தோர் தங்குவதற்காகச் சீகூர் பகுதியில் விடுதிகள் பெருகின. மின்வேலிகளும் சுவர்களும் எழுந்தன. வழக்கமான தடத்தில் வந்த யானை வேலியைக் கண்டு திரும்பியது. திரும்பிய திசையில் வயலும் வீடும் இருந்தன. பயிரை இழந்தவர் யானையைக் குற்றம் சொன்னார். சில இடங்களில் மனித உயிர்களும் யானை உயிர்களும் பறிபோயின. 2010இல் தமிழ்நாடு அரசு இப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. அதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் அரசின் அறிவிக்கையை உறுதி செய்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றமும் அவ்வறிவிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது.

இவ்வழக்கில் சிந்திக்க வேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. வழித்தடத்தின் ஓரங்களில் வாழ்வோர் அனைவரும் விடுதி உரிமையாளர்கள் அல்லர். தலைமுறைகளாக அங்கே வாழும் பழங்குடியினர், சிறு உழவர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் வீடும் பிழைப்பும் அந்நிலத்தில்தான் உள்ளன. பழங்குடியினரின் வன உரிமைகளை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. யானைக்கு வழி விடுதல் என்னும் அறத்தின் சுமை எளியோர் தோளில் மட்டும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அறமே. காட்டைக் காத்தலும் மக்களைக் காத்தலும் ஒன்றையொன்று வெல்ல வேண்டிய வழக்குகள் அல்ல. இரண்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டிய கடமைகள்.

வானத்து வழி

மாயாற்றுப் பள்ளத்தாக்கின்மேல் சிறகை அசைக்காமல் வட்டமிடும் பெரும்பறவைகள் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று மக்கள் முகம் சுளித்துச் சொல்லும் இப்பறவைகள், காட்டின் துப்புரவுப் பணியாளர்கள். இறந்த விலங்கின் உடலைச் சில மணி நேரத்திற்குள் உண்டு தீர்த்து, நோய் பரவாமல் தடுக்கின்றன.

ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் பெருங்கூட்டங்களாகப் பறந்த பாறுகள், 1990களில் திடீரெனக் குறையத் தொடங்கின. கால்நடைகளின் வலியைப் போக்கப் பயன்படுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என ஆய்வுகள் கண்டறிந்தன. அம்மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்தபின், அதன் உடலை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கால்நடை மருத்துவத்தில் இம்மருந்தைப் பயன்படுத்த இந்திய அரசு 2006இல் தடை விதித்தது. ஆண்டிற்கு ஒரே முட்டை இடும் பறவை இது. இழந்த எண்ணிக்கையை விரைவில் மீட்க இயலாது. தென்னிந்தியாவில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழும் இடங்களுள் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முதன்மையானது. ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. காட்டிற்கு வெளியே, ஏதோ ஓர் ஊரின் தொழுவத்தில் ஒரு மாட்டிற்கு இடப்படும் ஊசி, வானத்தில் பறக்கும் பறவையின் உயிரைத் தீர்மானிக்கிறது. காட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று இப்போது சொல்ல முடியுமா?

அழகாய் வந்த பகை

பாதையின் இருமருங்கிலும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்களுடன் அடர்ந்து நிற்கும் புதர், காண்போர் கண்ணைக் கவரும். உண்ணிச்செடி எனப்படும் அது அமெரிக்க வெப்பமண்டலத்திற்கு உரியது. தோட்ட அழகிற்காக ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, தோட்டத்தைத் தாண்டிக் காட்டிற்குள் பரவியது. அதன் அடர்த்தியில் புல் முளைப்பதில்லை. மான் மேய இடமில்லை. யானை நடக்க வழியில்லை. மஞ்சள் பூக்களைச் சொரியும் அயல்நாட்டுக் கொன்றை மரமும் இவ்வாறே பரவி வருகிறது. பச்சையாய் இருப்பதெல்லாம் காடு அன்று என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

இப்பகையையும் பயனாக மாற்றியோர் இப்பகுதிப் பழங்குடி மக்கள். உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, வளைத்து உயிர்யானை அளவிலான உருவங்களைச் செய்தனர். அவ்வுருவங்கள் 2021இல் லண்டன் மாநகரின் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. மனிதரும் யானையும் சேர்ந்து வாழ முடியும் என்னும் செய்தியை, யானையின் வழியை அடைத்த செடியே உலகிற்குச் சொன்னது.

விருந்தினர் கடமை

உதகமண்டலத்தையும் மைசூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலை இக்காட்டின் நடுவே செல்கிறது. வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறப்பதைத் தடுக்க, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இச்சாலையில் பொதுப்போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஒரு நாளின் ஒன்பது மணி நேரத்தைக் காட்டிற்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். பகலில் செல்வோர் மெதுவாகச் செல்வதும், ஒலிப்பானை அழுத்தாமல் இருப்பதும், வண்டியை நிறுத்தி இறங்காமல் இருப்பதும் அந்தக் கொடையின் தொடர்ச்சியே.

சாலையோரக் குரங்கிற்கு நாம் வீசும் ஒரு பிஸ்கட், அதனைக் காட்டிலிருந்து சாலைக்கு இழுக்கிறது. நாளை அது ஒரு சக்கரத்தின் அடியில் கிடக்கலாம். உணவின் மணம் ஒட்டிய நெகிழிப் பையை மான் விழுங்கினால், அது வயிற்றில் தங்கி உயிரைக் குடிக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாடு தடை விதித்துள்ளது. சட்டம் காவலரின் கண்முன் மட்டுமே செயல்படும். ஒழுக்கம் யாரும் காணாத இடத்திலும் செயல்படும்.

காட்டிற்கு ஒருபோதும் செல்லாதவருக்கும் இக்கடமை உண்டு. முதுமலையைத் தழுவி ஓடும் மாயாறு கிழக்கே சென்று பவானியுடன் சேருமிடத்தில் பவானிசாகர் அணை நிற்கிறது. அங்கிருந்து செல்லும் கீழ்பவானிக் கால்வாய் கொங்கு நாட்டில் இரண்டு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்திற்கு நீர் தருகிறது. நெல்லும் மஞ்சளும் விளையும் அவ்வயல்களில் பாயும் நீரின் ஒரு பகுதி, யானை நடந்த காட்டில் வேர்கள் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விட்ட நீர். புலி உலவும் புதருக்கும் நம் இலையில் விழும் சோற்றுக்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது.

ஆகவே, காட்டிலிருந்து திரும்புவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த விலங்கைக் கண்டீர்கள் என்பதைவிட, எந்த உயிரின் வழியையும் மறிக்காமல் வந்தீர்களா என்று கேட்போம். அக்கேள்விக்கு 'ஆம்' என்று விடை சொல்லக் கூடியவருக்குப் புலி தென்படாவிட்டாலும் குறையில்லை. அவர் சென்று வந்த தடத்தில், அன்றிரவு புலி அச்சமின்றி நடந்து செல்லும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் புலிகள் காப்பகங்கள்: களக்காடு – முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் – மேகமலை.

யானையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்: களிறு (ஆண் யானை), பிடி (பெண் யானை), வேழம், கரி.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள ஏரி, குன்று, ஓடை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கு வந்துசெல்லும் பறவைகளையும் விலங்குகளையும் ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பேடு உருவாக்குக.

2. 'யானை வழித்தடமும் மக்கள் வாழ்வுரிமையும்' என்னும் தலைப்பில் விடுதி உரிமையாளர், பழங்குடி முதியவர், வனக்காவலர், உழவர் ஆகிய நால்வரின் கருத்துகளை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் வீட்டிற்கு வரும் குடிநீர் எந்த மலையில், எந்தக் காட்டில் பிறக்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அந்நீரின் வழியைப் படமாக வரைக.